டிஐ-59இன் மீதி 480 ஸ்டெப் எங்கே? பழைய கால்குலேட்டர்கள் புரோகிராமை வைத்திருக்கும் விதம்

பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பொதுப்பணித்துறையில் இருந்த அவருடைய பெரியப்பாவின் இரும்புப் பெட்டியில் மூன்று பழைய கால்குலேட்டர்களும், புரோகிராமைப் பதிந்துவைக்கும் காந்த அட்டைகளும் கிடைத்திருக்கின்றன: டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஐ-59, ஹியூலெட்-பேக்கார்டின் ஹெச்பி-41சி, கேசியோ எஃப்எக்ஸ்-3600பி. டிஐ-59இன் புத்தகத்தில் 960 ஸ்டெப் என்று போட்டிருக்கிறது, ஆனால் ஆன் செய்து பார்த்தால் 479-க்கு மேல் போக மறுக்கிறது. மீதி எங்கே? அதில் எதைப் போட்டாலும் அணைத்ததும் போய்விடுகிறது, மற்ற இரண்டில் நிற்கிறதே, ஏன்? கடைசியாக, டிஸ்க்கும் இல்லை, ஃபைலும் இல்லை என்றால் புரோகிராம் உள்ளே எந்த உருவத்தில்தான் இருக்கிறது?

தம்பி, கிருஷ்ணகிரியில் பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்த காலத்திலிருந்து இந்தக் கருவிகளைத் திறந்து, துடைத்து, திரும்ப மூடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் மூன்று கேள்விகளும் கடைசியில் ஒரே இடத்தில் போய்ச் சேரும். அதனால் மூன்றாவதிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்தக் கருவிகளில் புரோகிராம் என்பது நீங்கள் அழுத்திய பட்டன்களின் வரிசை, அவ்வளவுதான். கம்பைலர் கிடையாது, மொழிபெயர்ப்பு கிடையாது. கற்றுக்கொள்ளும் நிலையில் நீங்கள் பட்டனை அழுத்தினால், கருவி அந்தக் கணக்கைச் செய்யாமல் எந்தப் பட்டன் என்பதை மட்டும் ஓர் எண்ணாகக் குறித்துவைக்கிறது. அப்படி ஓர் எண் உட்காரும் இடம்தான் ஒரு ஸ்டெப். பிறகு ஓடவிட்டால், அந்த எண்களை ஒவ்வொன்றாக எடுத்து, யாரோ விரலால் அழுத்துவதைப் போலவே தனக்குள் அழுத்திக்கொள்கிறது.

அந்த எண் எப்படி வருகிறது என்று டிஐ-59இலேயே பார்க்கலாம், கருவி உங்கள் கையில் இருக்கிறது. பட்டன்கள் ஒன்பது வரிசை, வரிசைக்கு ஐந்து. மேலிருந்து எத்தனையாவது வரிசை, இடமிருந்து எத்தனையாவது பட்டன், இந்த இரண்டும் சேர்ந்ததுதான் குறியீடு. ரீகால், அதாவது வைத்த எண்ணைத் திரும்ப எடுக்கும் பட்டன், நாலாவது வரிசையில் மூன்றாவது, ஆகவே 43. பெருக்கல் குறி ஆறாவது வரிசையில் ஐந்தாவது, ஆகவே 65. சமக்குறி 95. இலக்கங்களுக்கு மட்டும் இந்த விதி இல்லை. 7 என்ற பட்டன் எங்கே இருந்தாலும் அதன் குறியீடு 07.

பட்டனுக்கு மேலே அச்சடித்திருக்கும் இரண்டாவது வேலைகளை என்ன செய்வது? அங்கேதான் வடிவமைத்தவர்களின் கெட்டிக்காரத்தனம். வரிசைக்கு ஐந்து பட்டன்தான் என்பதால் 6, 7, 8, 9, 0 ஆகிய ஐந்து இடங்கள் காலியாக இருக்கின்றன. இரண்டாவது வேலை என்றால் பட்டனின் இடத்தோடு 5 கூட்டு. சப்ரூட்டின் பட்டன் 71, அதன் மேலே இருக்கும் லேபிள் (புரோகிராமில் ஓர் இடத்துக்குப் பெயர் வைப்பது) 76. பதினைந்தாம் எண்ணில் இருக்கும் ஈ பட்டனின் இரண்டாவது வேலைக்குக் குறியீடு 10, ஏனென்றால் 5-ம் 5-ம் சேர்ந்து பத்தாகி, கடைசி இலக்கமான 0 மட்டும் நிற்கிறது. இதனால் செகண்ட் என்ற பட்டனை நீங்கள் அழுத்தினாலும் அது நினைவகத்தில் இடம் பிடிப்பதே இல்லை. இன்வர்ஸ் பட்டன் மட்டும் 22 என்று தனி ஸ்டெப்பாக உட்காரும்.

ஒரு சின்ன புரோகிராம் போட்டுப் பார்ப்போம். ஏ பட்டனை அழுத்தினால் ஐந்தாம் ரெஜிஸ்டரில் (எண்ணை வைக்கும் அறையில்) இருப்பதை எடுத்து இரண்டால் பெருக்கிக் காட்டி நிற்க வேண்டும்: லேபிள், ஏ, ரீகால், 05, பெருக்கல், 2, சமம், ரன்-ஸ்டாப். உள்ளே இது இப்படி நிற்கும்:

76 11 43 05 65 02 95 91

எட்டு ஸ்டெப், பதினாறு இலக்கம். இந்தப் பதினாறை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றையும் கவனியுங்கள்: 43-ஐ அடுத்து வரும் 05 ஒரு ரெஜிஸ்டரின் எண், 65-ஐ அடுத்து வரும் 02 வெறும் இரண்டு. குறியீட்டைப் பார்த்து மட்டும் இது எது என்று சொல்ல முடியாது, முன்னால் நிற்பவரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இப்போது எண்களின் பக்கம் வருவோம். கால்குலேட்டர் பிறந்ததே எண்ணை வைத்துக்கொள்ள. நம் கம்ப்யூட்டர்கள் எண்ணை இரண்டடிமானத்தில் வைக்கின்றன. இவை அப்படி இல்லை, ஒவ்வொரு பத்தடிமான இலக்கத்துக்கும் 4 பிட் (பிட் என்பது 0 அல்லது 1 வைக்கும் மிகச் சிறிய இடம்) ஒதுக்கி, நாம் தாளில் எழுதுவதுபோலவே வைக்கின்றன. 0.1 என்றால் துல்லியமாக 0.1 தான். டிஐ-59இல் ஓர் எண்ணுக்கு 13 இலக்கம், பத்தின் அடுக்குக்கு 2 இலக்கம், கூட்டல் கழித்தல் குறிகளுக்கு ஓர் இலக்கம், ஆக 16. ஒரு ரெஜிஸ்டர் என்பது பதினாறு இலக்கம் கொள்ளும் ஓர் அறை, 64 பிட்.

மேலே எழுதிய புரோகிராமும் பதினாறு இலக்கம். அது அப்படியே ஓர் அறைக்குள் அடங்கும்.

இதுதான் விஷயம், தம்பி. புரோகிராமுக்கென்று தனி நினைவகம் இந்தக் கருவியில் இல்லை. எண்ணுக்காகக் கட்டிய அறைகளில்தான் ஸ்டெப்புகளும் குடியிருக்கின்றன, அறைக்கு எட்டுப் பேர். மொத்தம் 120 அறை, 120-ஐ எட்டால் பெருக்கினால் 960. புத்தகத்தில் போட்டிருக்கும் 960 பொய்யில்லை. ஆனால் அத்தனையையும் ஸ்டெப்புக்குக் கொடுத்துவிட்டால் எண் வைக்க ஓர் அறைகூட மிஞ்சாது. அதனால் ஆன் செய்தவுடன் கருவி பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்கிறது: 480 ஸ்டெப், 60 ரெஜிஸ்டர். உங்கள் மீதி 480 ஸ்டெப் அந்த 60 ரெஜிஸ்டராக இருக்கிறது.

நம் பக்கத்தில் ஒரே நிலத்தில் பாதி கேழ்வரகு, பாதி அவரை போடுவோம் இல்லையா, நடுவில் இருக்கும் வரப்பை வேண்டிய பக்கம் தள்ளிக்கொள்ளலாம். அந்த வரப்பு இதிலும் இருக்கிறது. செகண்ட், ஆப் (Op), 16 என்று அழுத்துங்கள், 479.59 என்று காட்டும். கடைசி ஸ்டெப் 479, கடைசி ரெஜிஸ்டர் 59. இப்போது 3 அழுத்தி செகண்ட் ஆப் 17 கொடுங்கள், 719.29 ஆகிவிடும். 10 கொடுத்தால் 159.99. பத்துப் பத்து ரெஜிஸ்டராகத்தான் வரப்பு நகரும், ஒன்றிரண்டாக நகராது.

இதை நம்பாதவர்களுக்கு நான் செய்துகாட்டும் சோதனை ஒன்று உண்டு, நீங்களும் செய்யுங்கள். π (பை) என்ற எண்ணின் மதிப்பை 59-ஆம் ரெஜிஸ்டரில் போடுங்கள். பிறகு 5 செகண்ட் ஆப் 17 கொடுத்து வரப்பைத் தள்ளுங்கள், 50 முதல் 59 வரையுள்ள ரெஜிஸ்டர்கள் ஸ்டெப் பக்கம் சேர்ந்துவிடும். இப்போது கற்றுக்கொள்ளும் நிலைக்குப் போய் 480-இலிருந்து ஒவ்வொரு ஸ்டெப்பாகப் பாருங்கள். π-இன் இலக்கங்கள் இரண்டிரண்டாகப் பட்டன் குறியீடுகளாக நிற்கும்! எண்ணும் கட்டளையும் அந்தக் கருவிக்கு ஒரே சரக்கு என்பது அந்த நிமிடம் கண்ணால் தெரியும். முதல் தடவை பார்த்த அன்று நான் வெகுநேரம் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே இருக்கும் நினைவக சிப்புகள் நான்கு, ஒவ்வொன்றிலும் 30 அறை. உங்கள் பெரியப்பாவின் காந்த அட்டைகளும் அதே கணக்குத்தான்: அட்டையின் ஒரு பக்கத்தில் 240 ஸ்டெப், அதாவது 30 அறை. முழு நினைவகத்தையும் பதிய இரண்டு அட்டை, நான்கு பக்கம் வேண்டும். இதன் தம்பியான டிஐ-58இல் இதில் சரிபாதிதான், 480 ஸ்டெப்.

ஹெச்பி பக்கம் போனால் அறையின் அளவு வேறு. அவர்கள் எண்ணுக்கு 10 இலக்கம், அதன் குறிக்கு 1, அடுக்குக்கு 2, அடுக்கின் குறிக்கு 1, ஆக 14 இலக்கம் வைத்தார்கள். 14-ஐ 4-ஆல் பெருக்கினால் 56 பிட், 8 பிட் ஒரு பைட் என்பதால் அது 7 பைட். டிஐயில் அறைக்கு எட்டு ஸ்டெப் என்றால் ஹெச்பியில் ஏழு. இதைத் தெரிந்துகொண்டால் அவர்களின் விசித்திரமான எண்களுக்கெல்லாம் அர்த்தம் வந்துவிடும். 1975இல் வந்த ஹெச்பி-25இல் ஏன் 49 ஸ்டெப்? ஏழு அறை, அறைக்கு ஏழு. 1976இன் ஹெச்பி-67இல் ஏன் 224? முப்பத்திரண்டு அறை. இன்றைக்கும் வங்கிக்காரர்கள் வைத்திருக்கும் ஹெச்பி-12சியில் முதலில் 8 வரி (அதாவது ஸ்டெப்) கிடைக்கும். ஒன்பதாவது வரியைப் போட்டவுடன் கருவி தானாகவே ஒரு ரெஜிஸ்டரை எடுத்து 7 வரியாக்கிக்கொள்ளும். இப்படிப் பதின்மூன்று ரெஜிஸ்டர் கரைந்து 99 வரியில் நிற்கும். அதில் வரப்பை நாம் தள்ள வேண்டியதே இல்லை, தானே நகர்கிறது.

960-க்கும் 224-க்கும் நடுவே பார்த்து டிஐதான் பெரியது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டிஐயின் ஒரு ஸ்டெப் இரண்டு இலக்கம், 00 முதல் 99 வரை நூறு விதம்தான். அதே 8 பிட்டில் ஹெச்பி 256 விதம் வைத்தார்கள். அதனால் ரீகால் 05 என்பது டிஐயில் இரண்டு ஸ்டெப், ஹெச்பி-67இல் ஒன்றே ஒன்று. இரண்டு மூன்று பட்டன்களை ஒரே ஸ்டெப்பில் இணைத்துவிடுவார்கள். திரையில் காட்டும்போது மட்டும் பழையபடி வரிசை எண், பட்டன் எண் என்று பிரித்துக் காட்டுவார்கள்.

எல்லா ஹெச்பியும் இந்த ஏழின் கணக்கில் வருவதில்லை. 1974இல் வந்த ஹெச்பி-65, காந்த அட்டை படிக்கும் முதல் கைக்கருவி, 1975இல் அப்போலோ-சோயுஸ் பயணத்தில் விண்வெளிக்கும் போனது, அதில் 100 ஸ்டெப். ஏழால் வகுபடாது. காரணம், அதில் ஸ்டெப்புக்கு 6 பிட், அதற்கென்று தனி சிப். அந்த சிப் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு ஷிஃப்ட் ரெஜிஸ்டர். கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியில் ராட்டினம் பார்த்திருப்பீர்கள். உங்கள் ஆள் ஏறிய பெட்டி கீழே வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டும், ஏணி போட்டு நேரே ஏற முடியாது. நூறு ஸ்டெப்பும் அப்படிச் சுற்றிக்கொண்டே இருக்கும், வாசலுக்கு வரும்போதுதான் படிக்கலாம். இப்போது எந்த ஸ்டெப்பில் நிற்கிறோம் என்பதைக் காட்டவும் தனிக் கணக்கு வைக்கவில்லை. ஸ்டெப்புகளுக்கு நடுவிலேயே ஓர் அடையாளக் குறியீட்டைச் செருகி, அதையும் சேர்த்துச் சுற்றவிட்டார்கள். ஒரு ஸ்டெப் முன்னே போவது என்றால் அந்த அடையாளத்தை ஒரு பெட்டி தள்ளி உட்காரவைப்பது. நினைவக முகவரி என்ற ஒன்றே இல்லாமல் ஒரு புரோகிராமை ஓட்டியிருக்கிறார்கள்!

மேசைக் கருவிகளில் இந்த எண்ணம் இன்னும் பழையது. 1968இன் ஹெச்பி 9100ஏவில் நினைவகம் காந்த வளையங்களால் ஆனது, ஒரு ரெஜிஸ்டரில் 14 ஸ்டெப் வீதம் 196 ஸ்டெப். காந்தம் என்பதால் கரண்ட் போனாலும் அழியாது.

அழிவது பற்றிய உங்கள் கேள்விக்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். டிஐ-59, ஹெச்பி-25 போன்றவற்றின் நினைவக சிப்புகள் பிமாஸ் வகை. அவை நினைவை வைத்திருக்கவே தொடர்ந்து மின்சாரம் குடிக்கும். அணைத்த பிறகும் அவற்றுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தால் பேட்டரி விரைவில் காலியாகும், அதனால் சுவிட்ச் மொத்தமாகத் துண்டித்துவிடும். சிமாஸ் வகை அப்படியில்லை, சும்மா இருக்கும்போது கிட்டத்தட்ட ஒன்றுமே எடுக்காது. 1976இல் ஹெச்பி-25சி, 1979இல் டிஐ-58சி என்று பெயரின் கடைசியில் சி சேர்ந்து வந்ததெல்லாம் இந்த மாற்றத்துக்காகத்தான். உங்கள் ஹெச்பி-41சியும் கேசியோவும் சிமாஸ். அணைத்தாலும் பேட்டரியிலிருந்து நினைவகத்துக்குத் துளித்துளியாக மின்சாரம் போய்க்கொண்டிருக்கும், அதனால் போட்டது அழியாமல் நிற்கிறது. கல் குவாரி ஒன்றில் அளவெடுத்துக்கொண்டிருந்தபோது, பேட்டரி ஒரு கணம் தொடர்பு விட்டு, அரை மணி நேரம் அழுத்திய புரோகிராம் முழுவதும் போய் மறுபடி வெயிலில் நின்று அழுத்தியிருக்கிறேன். அன்றைக்குப் பிறகு ஸ்டெப்புகளை நோட்டில் எழுதாமல் எந்தக் கருவியிலும் ஏற்றியதில்லை.

சரி, ஹெச்பி-41சிக்கு வருவோம். 1979இல் வந்தது. மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், காரணத்தைச் சொல்கிறேன். அதுவரை எல்லோரும் ஒரு ஸ்டெப்புக்கு ஒரே அளவு இடம் என்று வைத்திருந்தார்கள். இதில் கட்டளையின் நீளம் தேவைக்கேற்ப மாறும். அடிக்கடி பயன்படுவது சுருக்கமாக, அரிதானது நீளமாக. ரீகால் 00 முதல் 15 வரை ஒரே பைட். 16-க்கு மேல் போனால் இரண்டு பைட், முதலாவது ரீகால் என்று சொல்லும், இரண்டாவது எந்த அறை என்று சொல்லும். லேபிள் 00 முதல் 14 வரை ஒரு பைட், மற்றவை இரண்டு. எண் இலக்கங்கள் தலைக்கு ஒரு பைட். திரையில் காட்ட ஒரு சொல் வேண்டுமென்றால், முதல் பைட்டின் ஒரு பாதி இது எழுத்து என்றும் மறுபாதி எத்தனை எழுத்து என்றும் சொல்லும், அதன் பின்னால் எழுத்துகள் வரும். அந்த அரை பைட்டில் 15 வரைதான் எண்ண முடியும், அதனால்தான் ஒரு வரியில் 15 எழுத்துக்கு மேல் போட முடிவதில்லை.

அதனால் இதில் எத்தனை ஸ்டெப் என்று யாரும் சொல்ல முடியாது, எத்தனை அறை என்றுதான் சொல்ல முடியும். அடிப்படைக் கருவியில் 63 அறை. நினைவு அழிந்து புதிதாகத் தொடங்கும்போது 17 எண்களுக்கு, 46 புரோகிராமுக்கு. 46-ஐ ஏழால் பெருக்கினால் 322 பைட். வரப்பைத் தள்ள சைஸ் என்ற கட்டளை, இதில் ஒவ்வோர் அறையாகவே தள்ளலாம்.

இதில் என்னை அசத்தியது கோ-டூ, அதாவது புரோகிராமில் வேறோர் இடத்துக்குத் தாவச் சொல்லும் கட்டளை. டிஐ-59இல் லேபிளுக்குத் தாவச் சொன்னால் அது ஒவ்வொரு முறையும் ஸ்டெப் 000-இலிருந்து வரிசையாகத் தேடிக்கொண்டு வரும். அதனால்தான் அடிக்கடி கூப்பிடும் பகுதிகளை முன்னால் வைக்கச் சொல்வோம். லேபிளுக்குப் பதில் 61 01 23 என்று நேரே ஸ்டெப் 123-ஐக் கொடுத்தால் வேகம், ஆனால் நடுவில் ஒரு ஸ்டெப் செருகினால் முகவரிகளையெல்லாம் நாமே திருத்த வேண்டும். ஹெச்பி-41சி இரண்டின் நல்லதையும் எடுத்துக்கொண்டது. கோ-டூவின் சுருக்க வடிவத்தில் இரண்டாவது பைட்டை முதலில் காலியாக விட்டுவைக்கும். முதல் தடவை ஓடும்போது தேடிக் கண்டுபிடித்து, எந்தத் திசையில், எத்தனை அறை, எத்தனை பைட் தள்ளி லேபிள் இருக்கிறது என்பதை அந்தக் காலி பைட்டிலேயே எழுதிக்கொள்ளும். அடுத்த தடவை தேடல் இல்லை, நேரே தாவல். புரோகிராமைத் திருத்தினால் எழுதியதை அழித்துவிட்டு மறுபடி கற்றுக்கொள்ளும். அந்த ஒரு பைட்டில் சுமார் 112 பைட் தூரம்வரைதான் எழுத முடியும், அதற்கு மேல் தூரமென்றால் ஒவ்வொரு தடவையும் தேடும். மூன்று பைட் நீளமுள்ள கோ-டூவுக்கு அந்தத் தொல்லை இல்லை. சுற்றுக்குள் சுற்று ஓடும் நீளமான புரோகிராமில் முதல் சுற்று மந்தமாகவும் இரண்டாவது சுற்று சுறுசுறுப்பாகவும் போவதை நீங்களே பார்க்கலாம்.

இதில் ஒரு வரியை அழித்தால் அந்த இடத்தில் சுழி பைட்டுகள் நிற்கும், பின்னால் இருப்பவை உடனே நகர்ந்து வராது. பேக் என்ற கட்டளை கொடுத்தால்தான் இடைவெளிகள் மூடும். இடமில்லை என்று கருவி சொன்னால் முதலில் இதைச் செய்யுங்கள்.

கேசியோவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது எளிமையானது. பி1, பி2 இரண்டுக்கும் சேர்த்து மொத்தம் 38 ஸ்டெப். எண் கேட்க வேண்டிய இடத்தில் நின்று கேட்கும், மற்றபடி அழுத்தியதைத் திரும்ப அழுத்தும். 38 என்பது கொஞ்சமாகத் தெரியலாம், ஆனால் சர்வே வேலையில் தினமும் செய்யும் ஒரு சாய்வுக் கணக்குக்கு அதுவே தாராளம். கேசியோவும் பெரிய கருவிகளில் எண்ணின் அறையையே அளவுகோலாக வைத்தது. 1985இன் எஃப்எக்ஸ்-7000ஜியில் 422 ஸ்டெப், கூடுதலாக ஒரு மெமரி வேண்டுமென்றால் அதில் எட்டைக் கொடுத்துவிட வேண்டும்.

இனி உங்கள் பெட்டிக்கு வருகிறேன். ஹெச்பி-41சியை ஆன் செய்தபோது மெமரி லாஸ்ட் என்று காட்டியிருந்தால் பெரியப்பா போட்டது எப்போதோ போய்விட்டது, வருத்தப்பட்டுப் பயனில்லை. காட்டவில்லை என்றால் உள்ளே இருப்பதை இன்றைக்கே வரிவரியாக நோட்டில் எழுதி எடுங்கள், பேட்டரி மாற்றுவதெல்லாம் அதற்கப்புறம். மாற்றும்போது கருவியை அணைத்துவிட்டு, புது பேட்டரியைப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டு மாற்றுங்கள். உள்ளே இருக்கும் ஒரு கெப்பாசிட்டர் கொஞ்ச நேரம் தாங்கும், வெகுநேரம் தாங்காது.

டிஐ-59இல் பேட்டரி பேக் இல்லாமல் சார்ஜரை மட்டும் செருகாதீர்கள். அந்தக் காலச் சுற்றுகளில் பேட்டரியே மின்னழுத்தத்தைப் பிடித்துவைக்கும் வேலையையும் செய்தது, ஹெச்பி-25இல் இப்படிச் செய்து சிப் கருகியவர்கள் நிறையப் பேர். காந்த அட்டைகளையும் இப்போதைக்கு உள்ளே விடவேண்டாம். அட்டையை இழுக்கும் ரப்பர் உருளை இத்தனை வருடத்தில் பிசின்போல இளகியிருக்கும், அட்டையின் பூச்சு அதில் ஒட்டிக்கொண்டால் பதிவு போய்விடும். கருவியையும் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு ஒருநாள் கிருஷ்ணகிரிக்கு வாருங்கள், உருளையை மாற்றிவிட்டுப் படித்துப் பார்ப்போம். முதல் இரண்டு ஸ்டெப் 76 11 என்று இருந்தால் ஏ பட்டனிலிருந்து தொடங்கலாம்.